தம்பிக்கு ஒரு தூண்டில் ராடு

(இயந்திரவியல் மூன்றாம் ஆண்டு மாணவரின் அனுபவக் கட்டுரை)



ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று யூனியன் செயலாளர் வகுப்பு வகுப்பாக வந்து கேட்டார். ரோபோ, காற்றாலை, சூரிய மின்சக்தி எல்லாவற்றையும் மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு மிஞ்சியது எங்கள் வீட்டுச் சமாச்சாரம்தான். பதினாலு வயசுப் பையனுக்கு, குறைந்த விலையில், கடலுக்கும் கழிமுகத்துக்கும் சேர்த்து உதவுகிற ஒரே ஒரு தூண்டில் ராடு வாங்குவது எப்படி என்பதே என் தலைப்பு.

சிரிக்காதீர்கள். 'ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்' பாடத்தைப் பரீட்சைக்கு மட்டும் படிக்காமல் கொஞ்சம் மண்டையிலும் ஏற்றியிருந்தால், எங்கள் வீட்டில் 1,300 ரூபாய் மிச்சமாகியிருக்கும். என் தம்பியும் ஒரு மாதம் ஆபத்தான இடத்தில் போய் நின்றிருக்க மாட்டான். உங்களில் ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கமிருந்து வருகிறவர்கள் பலர். உங்கள் வீட்டிலும் தம்பி இருப்பான். அதனால்தான் எழுதுகிறேன்.

முதல் ராடு உடைந்த கதை

எங்கள் வீடு திருவொற்றியூர். நைனா காசிமேட்டிலிருந்து லாஞ்சில் தொழிலுக்குப் போகிறவர். வருடா வருடம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த நாட்களில் நைனா வீட்டில், தம்பிக்கும் பள்ளி விடுமுறை. தம்பி கைத்தூண்டிலை எடுத்துக்கொண்டு தூண்டில் வளைவுக்குப் போய்விடுவான்.

வெளியூர் நண்பர்களுக்காக ஒரு விளக்கம். 1870-களில் சென்னைத் துறைமுகம் கட்ட ஆரம்பித்துக் கடலுக்குள் சுவர் போனதும், தெற்கிலிருந்து வடக்கே கடலோரமாக நகர்ந்து வரும் மணல் அங்கேயே தடுக்கப்பட்டது. தெற்கே மெரினா அகன்றுகொண்டே போனது. வடக்கே நம் கரை அரித்துக்கொண்டே போனது. அந்த அரிப்பைத் தடுக்கத்தான் கரையிலிருந்து கடலுக்குள் பாறைகளைக் கொட்டிக் கட்டியிருக்கிறார்கள். அரசாங்கக் காகிதத்திலேயே அதற்குப் பெயர் தூண்டில் வளைவு. பெயர் பொருத்தமோ என்னவோ, சாயங்காலம் ஆனால் எங்கள் ஏரியாப் பையன்கள் பாதிப்பேர் அதன்மேல்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

கைத்தூண்டிலில் ஒரு சங்கடம் உண்டு. கையால் சுழற்றி வீசினால் பையன்களுக்குப் பத்துப் பதினைந்து மீட்டருக்கு மேல் போகாது. ஆகவே ஆழமான தண்ணீர் வேண்டும் என்று வளைவின் கடைசிப் பாறைவரை போவார்கள். அங்கே பாறையெல்லாம் பாசி. அலை எப்போது ஏறும் என்று சொல்ல முடியாது. போன வருடம் எங்கள் தெருப் பையன் ஒருவன் அங்கே வழுக்கி இரண்டு பாறைக்கு நடுவில் காலை விட்டான். பதினோரு தையல். அவனைத் தூக்கி வந்த நால்வரில் என் தம்பியும் ஒருவன்.

அன்று ராத்திரி அம்மா சொன்னது இதுதான்: "இனிமே அந்தக் கல்லு மேல ஒருத்தனும் போவக் கூடாது."

தம்பி விடவில்லை. ராடு இருந்தால் கரையிலிருந்தே தூரமாக வீசலாம், கடைசிக் கல்லுக்குப் போக வேண்டியதில்லை என்று வாதம் செய்தான். வாதம் சரிதான். மே மாதம் முழுக்கத் தண்ணீர் கேன் போட்டுச் சம்பாதித்த பணத்தை என்னிடம் கொடுத்து, "அண்ணா, நீ மெக்கானிக்கல் படிக்கிற, நீயே பாத்து வாங்கிக் குடு" என்றான்.

நான் என்ன செய்தேன்? கடையில் பளபளவென்று கறுப்பாக, 'கார்பன்' என்று தங்க எழுத்தில் அச்சடித்த ஒரு டெலஸ்கோப்பிக் ராடு ரீலோடு சேர்த்துத் தொங்கியது. இழுத்தால் பத்தடி, மடக்கினால் முழங்கை நீளம். கார்பன் என்றால் ஏரோப்ளேனுக்குப் போடுகிற சரக்கு ஆயிற்றே என்று 1,300 ரூபாயைக் கொடுத்து வாங்கி வந்துவிட்டேன்.

இரண்டாம் நாள் முள் பாறையில் மாட்டிக்கொண்டது. தம்பி ராடைத் தலைக்குப் பின்னால் சாய்த்து ஓங்கி இழுத்தான். மேலிருந்து மூன்றாவது துண்டு 'படக்'. கடையில் கொண்டுபோய்க் கேட்டால், "ராடுக்கெல்லாம் கேரண்டி கிடையாது தம்பி" என்று முடித்துவிட்டார்கள்.

நைனா உடைந்த இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது நம்ம ஃபைபர் போட்டு ஓடு மாதிரி கீதுடா. வெள்ளை வெள்ளையா நாரு வருது பாரு" என்றார். எனக்குச் சந்தேகம் வந்தது. மறுநாள் எலக்ட்ரிக்கல் பிரிவு நண்பனின் மல்டிமீட்டரைக் கடன் வாங்கி, உடைந்த முனை இரண்டில் வைத்துப் பார்த்தேன். கார்பன் நார் மின்சாரம் கடத்தும். கண்ணாடி நார் கடத்தாது. மீட்டர் முள் அசையவே இல்லை. கறுப்புப் பெயிண்ட் அடித்த கண்ணாடி நார்!

கண்ணாடி நார் மட்டமான பொருள் என்று இதற்கு அர்த்தமில்லை. அது நல்ல பொருள் என்பதைப் பின்னால் சொல்கிறேன். தப்பு மூன்று. கடைக்காரர் பொய்யான பெயரில் விற்றார். நான் பெயரைப் பார்த்து வாங்கினேன். தம்பிக்கு இழுக்கும் முறையை யாரும் சொல்லித்தரவில்லை. இதில் என் பங்குதான் பெரிது. ஏனென்றால் அடுத்த வாரமே அவன் கைத்தூண்டிலோடு அம்மாவுக்குத் தெரியாமல் கடைசிக் கல்லுக்குத் திரும்பிப் போய்விட்டான். ஒரு மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகுதான் புத்தகத்தைத் திறந்தேன்.

ராடு என்பது ஒரு கான்டிலீவர் பீம்

ஒரு முனையைக் கையில் கெட்டியாகப் பிடித்து, மறுமுனையில் பளு தொங்கினால் அது கான்டிலீவர். நுனி எவ்வளவு வளையும் என்பதற்கு நாம் மனப்பாடம் செய்த சூத்திரம்: பளு பெருக்கல் நீளத்தின் மும்மடி, அதை மூன்று பெருக்கல் யங்ஸ் மாடுலஸ் பெருக்கல் மொமெண்ட் ஆஃப் இனர்ஷியாவால் வகுக்க வேண்டும். ராடு ஒரே பருமனாக இல்லாமல் நுனிக்குப் போகப் போக மெலிவதால் கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் மூன்று பாடம் கிடைக்கிறது.

முதலாவது, நீளம் மும்மடியில் வருகிறது. அதே பருமன், அதே பொருள் என்றால், எட்டடி ராடைவிடப் பத்தடி ராடு ஏறக்குறைய இரண்டு மடங்கு வளையும். வளையாமல் இருக்க வேண்டும் என்றால் பருமனைக் கூட்ட வேண்டும். பருமன் கூடினால் எடை கூடும், விலை கூடும். குறைந்த விலையில் மிக நீளமான ராடு என்றால் எங்கேயோ கைவைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இரண்டாவது, விட்டம் நான்கு மடியில் வருகிறது. கெட்டியான நுனியில் விட்டம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் விறைப்பில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். மெல்லிய நுனி சுலபமாக வளைவதும், பருத்த அடிப்பகுதி அசையாமல் நிற்பதும் இதனால்தான். லாரியின் லீஃப் ஸ்பிரிங்கில் நடுவில் பட்டைகள் அதிகமாகவும் ஓரத்தில் ஒன்றிரண்டாகவும் இருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். பளு எங்கே அதிகமோ அங்கே பருமன்.

மூன்றாவது, பென்டிங் மொமெண்ட் முழுவதும் பிடிக்கிற கையில் வந்து விழுகிறது. எட்டடி ராடில் கைக்கு முன்னால் சுமார் இரண்டு மீட்டர் இருக்கும். நுனியில் ஒரு கிலோ இழுவை வந்தால் மணிக்கட்டுக்கு ஏறக்குறைய 20 நியூட்டன் மீட்டர். ஒர்க்‌ஷாப்பில் 8 மி.மீ. போல்ட்டை டைட் செய்கிற டார்க்குக்குக் கொஞ்சம்தான் குறைவு. பன்னிரண்டடி ராடு என்றால் 30-ஐத் தொடும். ராடு வளைய வளைய இந்தத் தூரம் குறைந்து கைக்குச் சுமை இறங்கும். அதனால்தான் பையன்களுக்குக் கம்பி மாதிரி விறைத்த ராடு ஆகாது, வளைந்து கொடுக்கிற ராடு வேண்டும்.

தம்பியின் ராடு உடைந்ததற்கும் இதிலேயே விடை இருக்கிறது. ராடை முன்னால் சாய்வாகப் பிடித்து இழுத்தால் வளைவு அடிவரை பரவி, பருத்த பகுதி பளுவை வாங்கும். தலைக்குப் பின்னால் சாய்த்து இழுத்தால் பளு முழுவதும் நுனிக்குப் போய்விடும். அங்கே தாங்குவதற்குச் சதை இல்லை.

மூங்கில், கண்ணாடி நார், கார்பன்

நம்ம ஊர் ஏரி, குளத்தில் இன்றும் மூங்கில் குச்சிதான் ராஜா. காசு இல்லை, ரிப்பேர் இல்லை. ஆனால் ரீல் மாட்டித் தூரமாக வீச வசதியில்லை.

கண்ணாடி நார் ராடுக்கு ஒரு வரலாறு உண்டு. 1940-களில் ஆர்தர் ஹோவால்ட் என்ற அமெரிக்கர் தம்முடைய மூங்கில் ராடின் நுனி முறிந்துபோக, கண்ணாடி நாரையும் செயற்கைப் பிசினையும் சேர்த்து ஒரு நுனி செய்து பார்த்தார். அதிலிருந்து ஷேக்ஸ்பியர் என்ற கம்பெனி (நாடக ஆசிரியர் அல்ல!) கண்ணாடி நார் ராடுகளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. உடைந்த ராடிலிருந்து பிறந்ததுதான் இந்தத் தொழில் என்று படித்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. நம் கரையில் 2004 சுனாமிக்குப் பிறகு பெருகிய ஃபைபர் போட்டும் இதே குடும்பம்தான். அதே கண்ணாடி நார், அதே மாதிரிப் பிசின்.

வலிமையான கார்பன் நாரை 1960-களில் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ விமான ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கினார்கள். 1970-களில் அது தூண்டில் ராடுக்கு வந்தது. கார்பன் நாரின் விறைப்பு கண்ணாடி நாரைப்போல மூன்று மடங்கு, எடையோ குறைவு. ஆகவே நல்ல கார்பன் ராடு மெலிதாக, லேசாக, மீன் கடித்தால் கைக்கு உடனே தெரிவதாக இருக்கும்.

பிறகு ஏன் வேண்டாம் என்கிறேன்? முறிவதற்கு முன் எவ்வளவு நீளும் என்று பாருங்கள். கண்ணாடி நார் நூற்றுக்கு நாலு பங்குக்கு மேல் நீளும். சாதாரணக் கார்பன் நார் ஒன்றரை முதல் இரண்டு பங்குதான். பாறையில் தட்டினால், மேலே யாராவது உட்கார்ந்தால், பஸ்சில் கம்பிக்கு நடுவில் மாட்டினால் கண்ணாடி நார் பொறுத்துக்கொள்ளும். கார்பனில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்து, பிறகு ஒரு நாள் மீன் மாட்டும்போது முறியும். பையன்கள் கையில் ராடு என்ன பாடுபடும் என்பது நமக்குத் தெரியாததா?

இன்னொரு காரணம் இதைவிட முக்கியம். கார்பன் மின்சாரம் கடத்தும். எண்ணூர்க் கழிமுகத்தின் மேல் அனல் மின் நிலையங்களிலிருந்து வரும் உயர் அழுத்தக் கம்பிகள் போகின்றன. அதன் கீழே கார்பன் ராடைத் தூக்கி வீசுவது இரும்புக் கம்பியைத் தூக்குவதற்குச் சமம். கம்பியைத் தொடக்கூட வேண்டாம், மிக அருகில் போனாலே மின்சாரம் தாவும். கண்ணாடி நார் கடத்தாது என்றாலும், உப்புத் தண்ணீரில் நனைந்த ராடும் நரம்பும் கடத்தும். ஆகவே எந்த ராடாக இருந்தாலும் மின்கம்பிக்குக் கீழே வீசக் கூடாது. இடி மின்னல் நேரத்தில் ராடை மடக்கி வைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும்.

அப்படியானால் எது?

நான் முடிவாக எழுதிக்கொண்ட குறிப்பு இது:

1. நீளம் ஏழு முதல் எட்டடி. ஐந்தடி உயரப் பையன் ஒரு கையால் தூக்கவும் முடியும், தூரமாக வீசவும் முடியும்.

2. இரண்டு துண்டாகக் கழற்றுவது. எட்டடி ராடு நாலடி நாலடியாகப் பிரிந்து ஷேர் ஆட்டோவில் வந்துவிடும். டெலஸ்கோப்பிக் ராடு சுமக்க வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் மூட்டுகள் ஐந்தாறு. ஒவ்வொரு மூட்டிலும் மணல் போய் அரைக்கும், இறுகிக்கொள்ளும். எங்கள் கடற்கரைக்கு அது சரிப்படவில்லை.

3. கண்ணாடி நார், நடுத்தர விறைப்பு. முழுக்கக் கெட்டியான கண்ணாடி நார் என்றால் கொஞ்சம் கனம், ஆனால் சுலபத்தில் உடையாது. முதல் ராடுக்கு அதுவே போதும்.

4. ராடின் அடியில் அச்சிட்டிருக்கும் வீசும் எடை 15 முதல் 40 கிராமுக்குள் இருப்பது. இந்த ஒரு அளவில் மணல் கரையில் கிழங்கான், கழிமுகத்தில் கெளுத்தி, சின்னக் கொடுவா, பாறையோரம் சின்னக் களவா எல்லாவற்றுக்கும் முயற்சி செய்யலாம். 30 கிராம் எழுதியிருக்கும் ராடில் 80 கிராம் ஈயத்தைக் கட்டி வீசினால், மீன் வருவதற்கு முன்பே ராடு போய்விடும்.

பெரிய பாரை, பெரிய கொடுவா இதில் பிடிக்க முடியாதா என்று கேட்பீர்கள். அதிர்ஷ்டம் இருந்தால் முடியும். ஆனால் எல்லாவற்றுக்கும் ஆகிற ஒரு ராடு எதிலும் முதல் மார்க் வாங்காது, எல்லாப் பாடத்திலும் பாஸ் ஆகும். நமக்கு அதுதானே வேண்டும்!

கடையில் செய்ய வேண்டிய இன்ஸ்பெக்‌ஷன்

கடைக்காரர் முறைத்தாலும் வெட்கப்படாமல் செய்யுங்கள்.

ராடை மூட்டி, அடியிலிருந்து ஒற்றைக் கண்ணால் நுனிவரை பாருங்கள், டர்னிங் ஷாப்பில் ஷாஃப்ட் பார்ப்பதைப்போல. கோணல் இருக்கக் கூடாது. வளையங்கள் ஒரே கோட்டில் நிற்க வேண்டும்.

மூட்டில் ஆட்டம் இருக்கிறதா என்று லேசாக ஆட்டிப் பாருங்கள். 'டக் டக்' என்றால் வேண்டாம்.

வளையங்களை எண்ணுங்கள். அடிக்கு ஒன்று என்பது பொதுவான கணக்கு. எட்டடி ராடில் நாலு வளையம்தான் என்றால் பளு சில இடங்களில் மட்டும் குவியும்.

ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் ஒரு பஞ்சுத் துண்டை விட்டு இழுங்கள். பஞ்சு மாட்டினால் உள்ளே இருக்கும் பீங்கான் வளையத்தில் விரிசல். அந்த விரிசல் நரம்பை அறுத்துவிடும்.

ஒரு சின்னக் காந்தம் எடுத்துப் போங்கள். வளையத்தின் கால் காந்தத்தில் 'டப்'பென்று ஒட்டினால் பெரும்பாலும் முலாம் பூசிய இரும்பு. நம்ம உப்புக் காற்றில் சீக்கிரமே துரு ஏறும். நல்ல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஒட்டாது, அல்லது வளைத்த இடத்தில் கொஞ்சமாக ஒட்டும்.

ரீல் உட்காரும் இடத்தில் ரீலை மாட்டி இறுக்கிப் பாருங்கள். பிறகு பையன் கையில் கொடுங்கள். அவன் கை எட்டுகிறதா, ஐந்து நிமிடம் நீட்டிப் பிடிக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். நான் முதல் தடவை தம்பியைக் கடைக்கே அழைத்துப் போகவில்லை. அதுவும் ஒரு தப்பு.

ரீலும் நரம்பும்

பட்ஜெட் முழுவதையும் ராடில் கொட்டாதீர்கள். 3000 அல்லது 4000 அளவு ஸ்பின்னிங் ரீல் ஒன்று போதும். அதில் முக்கியமானது டிராக். நரம்பை இழுத்துப் பார்த்தால் விட்டு விட்டு வராமல் ஒரே சீராக வர வேண்டும்.

நரம்பு 0.30 முதல் 0.35 மி.மீ. தங்கூசி போதும். பின்னல் நூல் வலிமைதான், ஆனால் நீளாது. தங்கூசி நீண்டு கொடுத்து அதிர்ச்சியைத் தானே வாங்கிக்கொள்ளும். புதிதாகப் பழகுகிற பையனுடைய தப்பை ராடுக்கும் கைக்கும் வராமல் தடுக்கும்.

டிராக்கை எவ்வளவு இறுக்குவது? நரம்பு தாங்கும் பளுவில் நாலில் ஒரு பங்கு. நரம்பு 6 கிலோ என்றால் டிராக் ஒன்றரை கிலோ. மீன் விற்கிற ஆயா வைத்திருக்கும் ஸ்பிரிங் தராசை இரவல் வாங்கி, நரம்பைக் கட்டி இழுத்துச் சரி செய்தோம். "இன்னாடா, நூல எடை போடறீங்களா?" என்று அவர் சிரித்தது இன்னும் நினைவில் இருக்கிறது.

முள் பாறையில் மாட்டினால் ராடால் இழுக்கவே கூடாது. ராடை மாட்டிய இடத்தை நோக்கி நேராக நீட்டி, நரம்பைத் துணி சுற்றிய கையால் பிடித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு பின்னால் நடக்க வேண்டும். ஈயக்குண்டு தெறித்து வரும், கண் பத்திரம். மீனையும் ராடால் தூக்கக் கூடாது. சின்ன மீன் என்றால் நரம்பைப் பிடித்துத் தூக்க வேண்டும். பெரியது என்றால் வலைக்கூடை வேண்டும்.

எங்கே நிற்பது?

இந்தக் கட்டுரைக்கே இதுதான் காரணம். ஆகவே தவறாமல் படியுங்கள்.

எட்டடி ராடும் 30 கிராம் ஈயமும் இருந்தால், கொஞ்சம் பழகிய பையன் மணலில் நின்றபடியே கைத்தூண்டிலைப்போல மூன்று நாலு மடங்கு தூரம் வீசலாம். தூண்டில் வளைவின் கடைசிக் கல்லுக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை. ராடு வாங்கியும் கடைசிக் கல்லுக்குத்தான் போவேன் என்றால் அந்த ராடு வீண்.

கடல் சீற்றம், அலை உயரம் பற்றி ஐதராபாத்திலிருக்கும் இன்காய்ஸ் நிறுவனம் எச்சரிக்கை வெளியிடுகிறது. அதைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். தனியாகப் போகாதீர்கள். துறைமுகம், மின் நிலையம் முதலிய தடை செய்த எல்லைக்குள் நுழையாதீர்கள்.

தண்ணீரையும் பாருங்கள். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் கலந்ததும் நம் கண்ணெதிரே நடந்தவை. மீனவர்கள் கையால் எண்ணெயை அள்ளிய காட்சியை நாம் மறக்க முடியாது. தண்ணீரில் எண்ணெய்ப் படலமோ, கெட்ட வாடையோ, செத்த மீனோ கண்டால் அங்கே பிடித்ததைச் சாப்பிட வேண்டாம்.

கெளுத்தி மாட்டினால் வெறுங்கையால் பிடிக்கக் கூடாது. முதுகிலும் பக்கத்திலும் இருக்கும் முள்ளில் விஷம் உண்டு. குத்திவிட்டால் காயத்தைக் கழுவி, பொறுக்கிற அளவு சூடான தண்ணீரில் அரை மணிக்கு மேல் வைத்திருந்தால் வலி குறையும். அந்த விஷம் சூட்டில் கெடும் தன்மை கொண்டது. முள் உள்ளே தங்கினாலும் வீக்கம் ஏறினாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பராமரிப்பு

வீட்டுக்கு வந்ததும் ராடையும் ரீலையும் நல்ல தண்ணீரில் மெதுவாகக் கழுவித் துடைக்க வேண்டும். குழாயைப் பீய்ச்சி அடித்தால் உப்பு ரீலுக்குள்ளே போகும். மூட்டைக் கழற்றி வையுங்கள், மாட்டியபடியே விட்டால் இறுகிவிடும். ரீலுக்கு மாதம் ஒரு சொட்டுத் தையல் மிஷின் எண்ணெய். நுனி இரண்டு மூன்று அங்குலம் உடைந்தால் தூக்கி எறியாதீர்கள். உடைந்த இடத்தைச் சீராக அறுத்து, நுனி வளையத்தைப் பசை வைத்து ஒட்டினால் மறுபடி வேலை செய்யும், கொஞ்சம் விறைப்பாக இருக்கும், அவ்வளவுதான்.

முடிவாக

இரண்டாவது ராடு என் உதவித்தொகையில் வாங்கியது. கண்ணாடி நார், எட்டடி, இரண்டு துண்டு: 850 ரூபாய். ரீல் 780. நரம்பு 140. முள், ஈயம், சுழல் வளையம் 110. ஆக மொத்தம் 1,880. கார்பன் என்று எங்கேயும் எழுதவில்லை. பச்சைக் கலரில், பார்க்கச் சுமாராகத்தான் இருக்கும்.

பணத்தைப் பற்றித் தம்பி கேட்டான். "உன் 1,300-ஐ நான்தான் கெடுத்தேன், இது அந்தக் கடன்" என்றேன். ஒரு நிபந்தனை மட்டும் போட்டேன். மணலில் நின்றுதான் வீச வேண்டும், கல் மேல் ஏறினால் ராடு திரும்ப என் கைக்கு வந்துவிடும். அம்மா சாட்சி.

முதல் மூன்று நாள் ஒன்றும் சிக்கவில்லை. நாலாம் நாள் நாலு கிழங்கான், விரல் நீளத்தில் ஒரு காரல். அம்மா வறுத்தார்கள். அதைச் சாப்பிட்டுவிட்டு நைனா, முப்பது வருஷம் கடலில் தொழில் செய்தவர், "எங்க, அந்தக் குச்சிய இப்டி குடு, நானும் பாக்கறேன்" என்று வாங்கிப்போனார். அந்தத் தடைக்காலம் முடிகிறவரை ராடு சாயங்காலத்தில் தம்பிக்குக் கிடைக்கவில்லை. அது வேறு கதை.

நண்பர்களே, நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான். ராடை மேலே எழுதிய பெயரைப் பார்த்து வாங்காதீர்கள். பிடிக்கிற கையையும் நிற்கிற இடத்தையும் பார்த்து வாங்குங்கள். வாங்கிக் கொடுத்ததோடு விட்டுவிடாமல், முதல் நாள் கூடப் போய் நில்லுங்கள்.

தேர்வில் கான்டிலீவர் பீம் கேள்வி வந்தால் என்னை நினைத்துக்கொள்ளுங்கள்.